பிரேசில் மின்துறை: தட்டுப்பாடு வந்தால் யார் பொறுப்பு?

2001 ஏப்ரல் முடியும்போது பிரேசிலின் தென்கிழக்கு, நடுமேற்குப் பகுதி அணைகளில் சுமார் 32 சதவீதம் நீர்தான் இருந்தது. நாட்டின் மொத்த நீர்ச் சேமிப்பில் பெரும்பங்கு அந்த அணைகளில்தான். அங்கே ஏப்ரலோடு மழைக்காலம் முடிந்துவிடும். அடுத்த நல்ல மழைக்கு நவம்பர்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீரிலிருந்து வந்தது. ஜூன் மாதம் மின்சாரத்துக்கு ரேஷன் தொடங்கி, 2002 பிப்ரவரி இறுதிவரை நீடித்தது.

மின்துறையைச் சந்தைக்குத் திறந்துவிடும் சீர்திருத்தம் தொடங்கி ஆறே ஆண்டுகளில் இது நடந்ததால், "தனியாரிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்று ஒரு தரப்பு சொன்னது. "பாதியில் நிறுத்தியதால்தான் இப்படி ஆனது" என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கடுத்த இருபது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், சந்தையா அரசா என்பதைவிட, நாளைக்கு மின்சாரம் போதவில்லை என்றால் யார் பொறுப்பு என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் விடையில்லாமல் கிடந்த கேள்வியாகத் தெரிகிறது.

பழைய ஏற்பாடு ஏன் உடைந்தது

1962இல் உருவான எலெட்ரோபிராஸ் என்ற அரசு நிறுவனம்தான் பல பத்தாண்டுகள் எல்லாவற்றையும் திட்டமிட்டது. எந்த ஆற்றில் எந்த அணை, எந்த ஆண்டில், பணம் எங்கிருந்து என்பதையெல்லாம் அதுவும் அதன் துணை நிறுவனங்களும் மாநில அரசுகளின் மின் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்தன. பொறியியல் கண்ணோடு பார்த்தால் அந்தத் திட்டமிடல் பெருமைப்படத் தக்கது. ஒரே ஆற்றில் வரிசையாக இருக்கும் அணைகளை ஒன்றாக இயக்கி, ஒரு பகுதியின் மழையை இன்னொரு பகுதியின் வறட்சிக்குப் பயன்படுத்தினார்கள்.

கெட்டுப்போனது பணக் கணக்கு. 1970களிலும் 80களிலும் பணவீக்கத்தைப் பிடித்து நிறுத்த அரசு மின்கட்டணத்தை அமுக்கி வைத்தது. நாடு முழுவதும் ஒரே கட்டணம், நிறுவனங்களுக்கு உறுதி செய்யப்பட்ட லாபம் என்ற ஏற்பாட்டில் சிக்கனமாக நடத்தியவனுக்கும் ஊதாரிக்கும் வித்தியாசமில்லை. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பாக்கி வைத்தன, கடன் ஏறியது, அணைகள் பாதிக் கட்டுமானத்தில் நின்றன. 1993இல் ஒரு சட்டம் அந்த உறுதி லாபத்தையும் ஒரே கட்டணத்தையும் ஒழித்துப் பழைய பாக்கிகளைத் தீர்த்தது. அதாவது, சந்தை நுழைவதற்கு முன்பே திட்டமிடல் தன் சொந்தக் காரணங்களால் நொடித்துப் போயிருந்தது. இதை மறந்துவிட்டு அடுத்த கட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

1995 முதல் 2000 வரை: விட்டவர் விட்டார், எடுப்பவர் இல்லை

1995இல் அதிபரான பெர்னாண்டோ ஹென்றிக் கார்டோசோவின் அரசு வேகமாக இறங்கியது. அந்த ஆண்டே விநியோக நிறுவனங்களின் விற்பனை தொடங்கியது. 1996இல் ரியோவின் லைட் நிறுவனமும் கைமாறியது. அதே ஆண்டு இறுதியில் அனீல் என்ற ஒழுங்குமுறை ஆணையம் சட்டமானது. 1998இல் மின்கட்டமைப்பை இயக்க ஓஎன்எஸ் என்ற தனி அமைப்பும் மொத்த விற்பனைச் சந்தையும் வந்தன. எலெட்ரோபிராஸின் கீழ் இயங்கிய திட்டமிடல் குழு 1999இல் மூடப்பட்டது. இனிமேல் திட்டம் என்பது வெறும் வழிகாட்டிதான், முதலீட்டைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம்.

சந்தை பார்த்துக்கொள்ளவில்லை. விநியோகத்தின் பெரும்பகுதி தனியாரிடம் போனது, ஆனால் உற்பத்தியின் பெரும்பகுதி அரசிடமே நின்றது. ஃபுர்னாஸ் போன்ற பெரிய உற்பத்தி நிறுவனங்களை விற்கும் முயற்சி அரசியல் எதிர்ப்பில் முடங்கியது. முன்னாள் அதிபரும் அன்றைய மினாஸ் ஜெராய்ஸ் மாநில ஆளுநருமான இடமார் ஃபிராங்கோ அதை வெளிப்படையாக எதிர்த்தார். விற்கப்படக் காத்திருக்கும் நிறுவனத்தில் யார் புதிய அணை கட்டுவார்? கட்ட நினைத்தாலும், பன்னாட்டு நாணய நிதியத்துடன் (ஐஎம்எஃப்) செய்த ஒப்பந்தத்தின் கணக்குமுறையில் அரசு நிறுவனத்தின் முதலீடும் அரசின் பற்றாக்குறையாகவே எழுதப்பட்டது. கையில் பணம் இருந்த நிறுவனம்கூடச் செலவழிக்க முடியாது.

தனியார் ஏன் வரவில்லை என்பது இன்னும் சுவாரசியமான கேள்வி. நீர்மின் நாட்டில் சந்தை விலை விசித்திரமாக நடந்துகொள்ளும். மழை பெய்யும் ஆண்டுகளில் கூடுதல் ஒரு யூனிட் தயாரிக்கச் செலவே இல்லை என்பதால் விலை தரையில் கிடக்கும். வறட்சி வந்து அணை அடிமட்டத்தைத் தொடும்போது ஒரேயடியாக வானத்துக்குப் போகும். ஒரு எரிவாயு மின்நிலையம் கட்டுபவர் நாலைந்து ஆண்டு ஒன்றும் சம்பாதிக்காமல், ஆறாவது ஆண்டில் எல்லாவற்றையும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். எந்த வங்கி அதை நம்பிக் கடன் தரும்? பிரேசிலின் பெரிய அணைகள் பல ஆண்டு மழையைத் தேக்கி வைக்கக்கூடியவை என்பதால் அபாயம் இன்னும் ஆழமாக ஒளிந்திருந்தது. 1990களில் மின் தேவை ஆண்டுக்கு நாலு சதவீதத்துக்கு மேல் வளர, புதிய உற்பத்தித் திறன் அதைவிட மெதுவாகத்தான் வந்தது. இடைவெளியை நிரப்பியது தேங்கியிருந்த நீர். விதைநெல்லை எடுத்துப் பொங்கிக்கொண்டிருந்தார்கள், தட்டில் சோறு குறையாததால் யாருக்கும் உறைக்கவில்லை.

விநியோக நிறுவனங்களுக்கும் அவசரமில்லை. சீர்திருத்தத்தின்போது, ஏற்கெனவே இருந்த உற்பத்தி நிறுவனங்களிடமிருந்து மின்சாரம் வாங்கும் தொடக்க ஒப்பந்தங்கள் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. 2002வரை முழு அளவு, 2003 முதல் ஆண்டுக்கு நாலில் ஒரு பங்கு குறையும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அவர்களுடைய தேவை முழுவதும் ஒப்பந்தமாகியிருந்தது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் அவ்வளவு நீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலையில்லை. அரசின் வேலை என்றும் யாரும் நினைக்கவில்லை.

ஆபத்தை உணர்ந்த அரசு 2000 பிப்ரவரியில் 49 அனல்மின் நிலையங்களுக்கான அவசரத் திட்டத்தை அறிவித்தது. பெரும்பாலானவை பொலிவியாவிலிருந்து குழாயில் வரும் எரிவாயுவை நம்பியவை. எரிவாயு விலை டாலரில், மின்சார விலை பிரேசில் நாணயமான ரியாலில். 1999 ஜனவரியில்தான் ரியால் சரிந்திருந்தது. நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறிப்பிட்ட அளவு எரிவாயுவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். இதை யார் சுமப்பது என்ற பேரம் முடிவதற்குள் மழை பொய்த்துவிட்டது.

ரேஷன் நடந்த விதம்

நெருக்கடியைக் கையாள அதிபர் அலுவலகத்துக்குப் பொறுப்பான அமைச்சர் பெட்ரோ பரென்டே தலைமையில் ஒரு குழு அமைந்தது. நமக்குப் பழக்கமான சுழற்சி மின்வெட்டை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கு: 2000ஆம் ஆண்டின் மே, ஜூன், ஜூலை மாதச் சராசரியில் 20 சதவீதம் குறைவு. மாதம் 100 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்குக் கட்டாயமில்லை, ஆனால் அவர்கள் சேமித்தால் ஊக்கத்தொகை உண்டு. இலக்கை மீறும் பெரிய நுகர்வோருக்குக் கட்டணம் பல படிகளில் ஏறும். திரும்பத் திரும்ப மீறினால் சில நாள் இணைப்பு துண்டிக்கப்படும். ஆலைகளுக்கும் கடைகளுக்கும் தனித்தனி இலக்கு. பெரிய ஆலைகள் தங்கள் பங்கில் மிச்சமானதை மற்றவர்களுக்கு விற்கலாம்.

இது கிட்டத்தட்ட அதிசயமாக வேலை செய்தது. குழல்விளக்குகளும் சிறிய மின்சேமிப்பு விளக்குகளும் கடைகளில் தீர்ந்துபோயின. தனியாக இருந்த உறைபெட்டிகளை மக்கள் பிடுங்கிப் போட்டார்கள். மின்வெட்டு இல்லாமலேயே ஐந்தில் ஒரு பங்கு நுகர்வு குறைந்தது. பத்து ஆண்டு கழித்தும் சராசரி வீட்டு நுகர்வு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சந்தையும் திட்டமும் கைகோத்ததற்கு இந்த முழு வரலாற்றிலும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்பது என் கருத்து. மொத்த அளவை அரசு முடிவு செய்தது. அதற்குள் எதைக் குறைப்பது, யாரிடம் விற்பது என்பதை மக்களும் ஆலைகளும் முடிவு செய்தார்கள். நெருக்கடியில் கண்டுபிடித்ததை நெருக்கடிக்கு முன்பே செய்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

தெற்கு மாநிலங்களுக்கு ரேஷன் இல்லை. அங்கே நல்ல மழை, அணைகளில் நீர் இருந்தது. வடக்கே அனுப்பத்தான் போதுமான மின்பாதை இல்லை. ஒரே நாட்டில் ஒரு பக்கம் நீர் மிஞ்ச, மறுபக்கம் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தார்கள். இதைவிடத் தெளிவாகத் திட்டமிடல் குறைபாட்டை யாரும் வரைந்து காட்ட முடியாது.

நீர்வளப் பொறியாளர் ஜெர்சன் கெல்மன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2001 ஜூலையிலேயே அறிக்கை தந்தது. மழை குறைந்தது உண்மை, ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. திட்டமிட்டிருந்த மின்நிலையங்களும் மின்பாதைகளும் நேரத்துக்கு வந்திருந்தால் ரேஷன் தேவைப்பட்டிருக்காது என்பது அதன் சாரம். ஒப்பந்தங்களில் உறுதியளித்த மின்சாரம் அணைகள் உண்மையில் தரக்கூடியதைவிட அதிகம் என்றும், அமைப்புகளுக்கிடையே தகவல் ஒழுங்காகப் போகவில்லை என்றும் அது சொன்னது. ஆட்சியில் இருக்கும் அரசே நியமித்த குழு இவ்வளவு வெளிப்படையாக எழுதியது ஆச்சரியம்தான்.

ரேஷன் முடிந்த பிறகு இன்னொரு விநோதம். நெருக்கடியின்போது ஆயிரம் யூனிட்டுக்கு 684 ரியால் என்று இருந்த சந்தை விலை, மழை திரும்பியதும் நுகர்வு திரும்பாததால் 4 ரியாலுக்கு விழுந்தது. இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு முதலீட்டை எப்படித் தீர்மானிப்பது?

2004: போட்டியை வேறு இடத்துக்கு மாற்றியது

2003இல் லூலா அதிபரானார். மின்துறை அமைச்சராக வந்தவர் டில்மா ரூசெஃப். பழைய அரசுமயத்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று முதலீட்டாளர்கள் பயந்தார்கள். 2004 மார்ச்சில் வந்த இரண்டு சட்டங்கள் அப்படிச் செய்யவில்லை, பழையதை அப்படியே தொடரவும் இல்லை.

விநியோக நிறுவனங்கள் தங்கள் எதிர்காலத் தேவையை ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். நூறு சதவீதமும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். எல்லோருடைய தேவையையும் கூட்டி அரசு ஒரே ஏலம் நடத்தும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்து மின்சாரம் தர வேண்டிய புதிய நிலையங்களுக்கு ஒரு ஏலம், ஏற்கெனவே இருக்கும் நிலையங்களுக்குத் தனி ஏலம். புதிய நிலையங்களில் குறைந்த விலை கேட்பவருக்கு 15 முதல் 30 ஆண்டு ஒப்பந்தம், பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் விலை. ஒப்பந்தம் எல்லா விநியோக நிறுவனங்களுடனும் விகிதப்படி போடப்படும் என்பதால் ஒருவர் நொடித்தாலும் உற்பத்தியாளர் மூழ்க மாட்டார். அந்தக் காகிதத்தை எடுத்துப்போய் அரசின் வளர்ச்சி வங்கியான பிஎன்டிஇஎஸ்ஸிடம் கடன் வாங்கலாம். எவ்வளவு தேவை, எந்த ஆறு, எந்த மின்பாதை என்று ஆராய ஈபிஈ என்ற புதிய ஆய்வு நிறுவனம். அதன் முதல் தலைவர் மௌரிசியோ டோல்மாஸ்கிம்.

இதன் சூட்சுமம் போட்டி எந்த இடத்தில் நடக்கிறது என்பதில் இருக்கிறது. 1990களின் எண்ணப்படி போட்டி தினசரி விற்பனையில் நடக்க வேண்டும். 2004க்குப் பின் அது நிலையம் கட்டும் உரிமைக்காக ஒரே ஒரு முறை நடக்கும். தினசரி எந்த அணை எவ்வளவு ஓட வேண்டும் என்பதை ஓஎன்எஸ் கணினி மாதிரியை வைத்துத் தீர்மானிக்கும். அதில் ஏலமே கிடையாது. ஒரே ஆற்றில் மேல் அணை ஒருவருடையது, கீழ் அணை இன்னொருவருடையது என்றால், தினசரி விலைப்போட்டி நீரை வீணாக்கும் என்பதை பிரேசில் சரியாகவே புரிந்துகொண்டது.

பலன் தெரிய அதிக நாள் ஆகவில்லை. 2007 டிசம்பரில் மடெய்ரா ஆற்றின் சான்டோ அன்டோனியோ அணைக்கு நடந்த ஏலத்தில் உச்சவரம்பு ஆயிரம் யூனிட்டுக்கு 122 ரியால். வென்ற விலை 78.87. காற்றாலைக் கதை இன்னும் நல்லது. 2009 டிசம்பரில் காற்றாலைக்கென்றே நடந்த முதல் ஏலத்தில் வரம்பு 189, சராசரி விலை சுமார் 148, வாங்கியது 1,800 மெகாவாட்டுக்கு மேல். இரண்டே ஆண்டில், 2011இல், மற்ற எரிபொருள்களோடு நேருக்கு நேர் மோதிய ஏலத்தில் காற்றாலை விலை 100 ரியாலுக்குக் கீழே வந்துவிட்டது. எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று எந்த அதிகாரியும் கணித்து இதைச் சாதித்திருக்க முடியாது.

திட்டம் தப்பாகும் இடங்கள்

ஏலம் வைத்துவிட்டால் போட்டி வந்துவிடுமா? 2010 ஏப்ரலில் பெலோ மோன்டே அணைக்கு நடந்த ஏலத்தைப் பார்க்கலாம். 11,233 மெகாவாட் திறன், ஆனால் ஷிங்கு ஆறு வறண்ட மாதங்களில் சுருங்கிவிடுவதால் ஆண்டுச் சராசரி 4,600 மெகாவாட்டுக்கும் குறைவு. பழங்குடி மக்களின் எதிர்ப்பு, நீதிமன்றத் தடைகள். அரசு நிர்ணயித்த வரம்பு விலை கட்டுப்படியாகாது என்று பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஏலத்துக்கு முன்பே விலகின. கடைசி நேரத்தில் அரசு நிறுவனங்களை முன்னிறுத்திக் கூட்டணி சேர்த்து ஏலத்தை நடத்தினார்கள். விடை முன்பே எழுதியாகிவிட்டது, கணக்கு மட்டும் பின்னால் போடப்பட்டது. பெரிய அணை என்றால் திட்டமிடுபவருக்கே ஆசை வந்துவிடுகிறது. அப்போது ஏலம் அவருக்குக் கடிவாளமாக இருக்க முடியாமல் போகிறது.

இன்னொரு பிழை யாருக்கும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஆனால் எனக்கு அதுதான் அதிகப் பாடம் சொல்கிறது. அனல்மின் நிலையங்களை ஒப்பிட ஒரு குறியீடு வைத்திருந்தார்கள். நிலையத்தின் நிலையான செலவோடு, அது எவ்வளவு நேரம் ஓட வேண்டியிருக்கும் என்ற கணினிக் கணிப்பைப் பெருக்கிய எரிபொருள் செலவைக் கூட்டுவார்கள். எப்போதாவதுதான் ஓடும் என்று மாதிரி சொன்னதால், கட்ட மலிவான, எரிக்க மிக விலை உயர்ந்த எண்ணெய் நிலையங்கள் 2007, 2008 ஏலங்களில் நிறைய வென்றன. 2012 இறுதியில் வறட்சி திரும்பியபோது அவை மாதக்கணக்கில் தொடர்ந்து ஓட வேண்டியிருந்தது. ஏலம் நேர்மையாகத்தான் நடந்தது. கேள்வித்தாளில் இருந்த ஒரு அனுமானம் தவறு.

2012: விலையில் கை வைத்த அரசு

2012 செப்டம்பரில், இப்போது அதிபராக இருந்த டில்மா ரூசெஃப் மின்கட்டணத்தைச் சராசரியாக 20 சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். வழி இது: பழைய அணைகளின் உரிமக் காலம் சில ஆண்டுகளில் முடியப்போகிறது, இப்போதே குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டால் முன்கூட்டியே புதுப்பித்துத் தருகிறோம். கட்டி முடித்துக் கடன் அடைத்த அணையின் பலன் மக்களுக்குப் போக வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் சாவோ பாலோ, மினாஸ் ஜெராய்ஸ், பரானா மாநில அரசுகளின் நிறுவனங்கள் தங்கள் அணைகளுக்கு இதை ஏற்க மறுத்தன. மூன்றும் எதிர்க்கட்சி ஆண்ட மாநிலங்கள் என்பது தற்செயலில்லை.

இதனால் விநியோக நிறுவனங்கள் நம்பியிருந்த மின்சாரத்தில் ஒரு பங்கு வந்து சேரவில்லை. தங்கள் பிழை எதுவும் இல்லாமல் அவை சந்தை விலைக்கு வாங்க நேர்ந்தது. அந்த நேரம் பார்த்து வறட்சி. 2014 தொடக்கத்தில் சந்தை விலை அனுமதிக்கப்பட்ட உச்சமான 822.83 ரியாலைத் தொட்டது. அதே ஆண்டு அதிபர் தேர்தல். கட்டணத்தை ஏற்ற முடியாது என்பதால் அரசுப் பணமும் வங்கிக் கடனும் விநியோக நிறுவனங்களுக்குப் போயின, கடனை மக்கள் பின்னால் கட்டுவார்கள் என்ற ஏற்பாட்டில். அணைகள் வற்றிக்கொண்டிருந்தபோது மக்கள் கையில் இருந்த மின்ரசீது குறைந்த தொகையைக் காட்டியது. தேர்தல் முடிந்த 2015இல் வீட்டு மின்சாரம் சுமார் 50 சதவீதம் விலை ஏறியது.

2001இல் வந்தது யாரும் திட்டமிடாததால் வந்த கஷ்டம் என்றால், 2012இல் வந்தது திட்டமிடுபவரே அரசியல்வாதியாகவும் இருந்ததால் வந்தது. முதல் கஷ்டத்துக்கு மருந்தாக வந்த அதே கை இரண்டாவதை உண்டாக்கியது. ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருந்தும், தலைக்கு மேல் அவசரச் சட்டம் வந்தால் அதனால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

2015 ஜனவரி முதல் ரசீதில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகள் வந்தன. நீர் குறைந்து அனல் நிலையங்கள் ஓடினால் அந்த மாதமே கூடுதல் கட்டணம். 2021இல் நூற்றாண்டின் மிக மோசமான வறட்சிகளில் ஒன்று வந்தபோது, 100 யூனிட்டுக்கு 14.20 ரியால் என்ற தனிக் கொடியே ஏற்றப்பட்டது. ரேஷன் இல்லாமல் அந்த ஆண்டு கடந்துபோனதற்குக் காற்றாலைகளும் இடைக்காலத்தில் கட்டிய மின்பாதைகளும் முக்கியக் காரணம். விலை அதிகம், விளக்கு அணையவில்லை.

இப்போது

2022 ஜூனில் எலெட்ரோபிராஸ் தனியார் கைக்குப் போனது. 2024 ஜனவரி முதல் உயரழுத்த இணைப்புள்ள எல்லா நுகர்வோரும் தங்களுக்குப் பிடித்தவரிடம் மின்சாரம் வாங்கலாம். பெரிய நுகர்வோர் விநியோக நிறுவனங்களை விட்டுத் திறந்த சந்தைக்குப் போகப் போக, 2004 ஏற்பாட்டின் அடித்தளம் கரைகிறது. முப்பது ஆண்டு ஒப்பந்தத்தைச் சுமந்தவர்கள் விநியோக நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள்தான். திறந்த சந்தையில் வாங்குபவர் சில ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போகிறார். கூரைச் சூரியத் தகடுகள் 30,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன, காற்றாலையும் அப்படியே. இவற்றில் கூரைத் தகடுகளை எந்த ஏலமும் அழைக்கவில்லை, எந்தத் திட்டமும் எண்ணி வைக்கவில்லை. கட்டணச் சலுகையைப் பார்த்து வீட்டுக்காரர்களே வைத்தார்கள்.

நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலை ஆறு மணிக்கு அணைகளும் எரிவாயு நிலையங்களும் ஓடி வர வேண்டியிருக்கிறது. அந்த மாலை நேரத் திறனுக்கென்று அரசு 2021 டிசம்பரில் தனி ஏலம் ஒன்றைத் தொடங்கியது. அதன் செலவைத் திறந்த சந்தையில் வாங்குபவர்கள் உட்பட எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பகலில் ஓஎன்எஸ் நிறுத்தச் சொல்லும் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கு யார் பணம் தருவது என்பதில் உற்பத்தியாளர்களும் அனீலும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தியது மின்பாதை இல்லாததாலா, தேவையே இல்லாததாலா என்பதைப் பொறுத்து நட்டஈடு மாறும். மின்பாதை இல்லை என்றால் அது திட்டமிட்டவர் கணக்கு, வாங்க ஆளில்லை என்றால் முதலீட்டாளர் கணக்கு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இந்த வகைப்பாட்டைப் போடுவது ஓஎன்எஸ். வழக்குகளில் அந்த வகைப்பாடுதான் சண்டைக்குரியதாகியிருக்கிறது.